விளக்கை அணைத்ததும் பூனைக்குட்டிக்கு ஏன் வேகம் வருகிறது?

விளக்கை அணைத்துவிட்டுப் போர்வைக்குள் காலை நீட்டுகிறீர்கள். கட்டைவிரல் லேசாக அசைகிறது. கட்டில் ஓரத்தில் குட்டி மார்பைப் படுக்கையோடு ஒட்டிப் பதுங்கி, பின்பக்கத்தை மட்டும் தூக்கி இடமும் வலமுமாக ஆட்டுகிறது. அடுத்த நொடி ஒரே பாய்ச்சல். விரலில் ஊசி மாதிரி பல் இறங்குகிறது. பகல் முழுக்கத் தூங்கி வழிந்த அதே குட்டிதான் இது.

எங்கள் குட்டி வந்த புதிதில், வேண்டுமென்றே நம் தூக்கத்தைக் கெடுக்கிறதோ என்றுகூட எனக்குத் தோன்றியது. அப்படி இல்லை. அது வேட்டைக்குப் பழகிக்கொண்டிருந்தது.

பூனையை இரவு விலங்கு என்பது பாதிதான் சரி. அந்தி மயங்கும் நேரமும் விடியும் நேரமும்தான் அது அதிகம் சுறுசுறுப்பாக இருக்கும் பொழுதுகள். அதன் மூதாதையான ஆப்பிரிக்கக் காட்டுப்பூனை எலி போன்ற சிறு பிராணிகளைப் பிடித்துத் தின்று வாழ்வது. அந்த மங்கல் வெளிச்சத்துக்கேற்ற கண் வீட்டுப் பூனைக்கும் வந்திருக்கிறது. விழித்திரைக்குப் பின்னால் டேபீட்டம் லூசிடம் என்ற பளபளப்பான படலம் உண்டு. விழித்திரையில் சிக்காமல் கடந்துபோகும் ஒளியை அது மறுபடி விழித்திரைக்கே திருப்பி அனுப்புகிறது. இருட்டில் பூனையின் கண் மின்னுவது இதனால்தான். நமக்குத் தேவையான வெளிச்சத்தில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு அதற்குப் போதும். காதும் அப்படித்தான். நம் காது 20,000 ஹெர்ட்ஸோடு நின்றுவிடும்; பூனையின் காது 60,000 ஹெர்ட்ஸையும் தாண்டி எட்டும். போர்வைக்கடியில் ஏதோ சரசரவென்று அசைந்தால் அது எலியா, உங்கள் காலா என்று விசாரிக்கக் குட்டி காத்திருக்காது.

இன்னொரு காரணம் பகலில் இருக்கிறது. குட்டிகள் ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் வரைகூடத் தூங்கும், ஆனால் நம்மைப் போல ஒரே மூச்சில் தூங்காது. வீட்டில் ஆள் இல்லாதபோது செய்ய வேறொன்றும் இல்லாமல் தூங்கித் தீர்த்துவிடும். நாம் வீடு திரும்பி ஓய்வெடுக்க நினைக்கும்போதுதான் அதற்குத் துணை கிடைக்கிறது, கூடவே அந்தியும் சேர்ந்துகொள்கிறது.

பூனைக்கு விளையாட்டு, எலிக்குச் சீவன் போகிறது என்பார்கள். உண்மையில் பூனைக்கும் விளையாட்டு என்பது வேட்டைதான். சாரா ஹால், ஜான் பிராட்ஷா என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1998இல் வெளியிட்ட ஆய்வில், பசித்த பூனைகள் பொம்மைகளோடு இன்னும் தீவிரமாக விளையாடியதைக் காட்டினார்கள். பசியும் விளையாட்டும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டவை. இரவு நேர ரகளைக்கு வழியும் இங்கேதான் கிடைக்கிறது.

காட்டில் ஒரு பூனையின் வரிசை இது: பதுங்கும், துரத்தும், கவ்வும், தின்னும், உடம்பை நக்கிச் சுத்தம் செய்யும், தூங்கும். இதே வரிசையைப் படுக்கும் நேரத்துக்கு நகர்த்திவிடுங்கள். படுக்கப்போகும் முன் ஒரு பதினைந்து நிமிடம், குச்சியில் கட்டிய இறகு பொம்மையை எலி ஓடுவதுபோல இழுங்கள். குட்டியின் முகத்தை நோக்கி ஆட்டாதீர்கள்; எந்த எலியும் பூனையை நோக்கி ஓடாது. மூலையில் ஒளிய விடுங்கள், சட்டென்று ஓட விடுங்கள். கடைசியில் வேகத்தைக் குறைத்து, குட்டி அதைப் பிடித்துக் கடிக்க விட வேண்டும். லேசர் ஒளிப்புள்ளியில் எனக்கு உடன்பாடில்லாதது இதனால்தான், அதை எத்தனை முறை பாய்ந்தாலும் பிடிக்க முடியாது. அப்புறம் அன்றைய கடைசிச் சாப்பாடு. விளையாடி முடித்ததும் பொம்மையைப் பூட்டி வையுங்கள், நூலை விழுங்கினால் குடல் கிழியும் ஆபத்து உண்டு. வெறும் கையை ஆட்டி விளையாட்டுக் காட்டுவதையும் விட்டுவிடுங்கள். இன்று விரல் பொம்மையானால் நடுராத்திரியிலும் அது பொம்மைதான்.

இத்தனைக்குப் பிறகும் சில நாள் கத்தும், காலைக் கடிக்கும். கடினமான பகுதி இதுதான். நான்கு மணிக்கு எழுந்து தட்டில் சாப்பாடு போட்டால், கத்தினால் கிடைக்கும் என்று அது கற்றுக்கொள்கிறது. ஐந்து நாள் பொறுத்து ஆறாம் நாள் எழுவது இன்னும் மோசம். எப்போதாவது பலன் தரும் பழக்கம்தான் எளிதில் விடாது. கவனிக்காமல் இருக்கத் தொடங்கியதும் கத்தல் முதலில் கூடும், பிறகுதான் குறையும். அந்தக் கூடுதலைப் பார்த்து மனம் தளர வேண்டாம். அதட்டலும் அடியும் உதவாது. குட்டி பயந்துபோகும், அதன் பசியோ துடிப்போ எங்கும் போகாது. விடியற்காலைப் பசிதான் சிக்கல் என்றால், நேரம் வைத்துத் திறக்கும் தானியங்கித் தட்டு நல்லது. அப்போது சாப்பாட்டுக்காகக் குட்டி உங்களை எழுப்பாது, தட்டைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும்.

தாயைவிட்டு மிகச் சீக்கிரம் பிரிந்த, எட்டு வாரம்கூட ஆகாத குட்டிக்கு இது பொருந்தாது. அதன் கத்தல் குளிரோ பசியோ தனிமையோ ஆகலாம், எழுந்து பார்க்கத்தான் வேண்டும்.

எங்கள் வீட்டில் மூன்றாவது வாரத்தில்தான் மாற்றம் தெரிந்தது. சாப்பிட்டு முடித்து முன்னங்காலை நக்கி, அந்த ஈரத்தால் காதுக்குப் பின்னால் இரண்டு முறை துடைத்தது. வால் மூக்கின் மேல் வந்து விழுந்தது. போர்வைக்குள் என் கால் அசைந்தது. ஒரு காது மட்டும் திரும்பியது, கண் திறக்கவில்லை.