விரிசலைக் காட்டும் திரை

திருப்பூரில் பனியன் கம்பெனித் தொழிலாளர்களின் வழக்குகளை நடத்தும் வழக்கறிஞரான நான், ஞாயிறு மாலைகளில் அவர்கள் குடியிருக்கும் பகுதிகளுக்குச் சென்று ஆவணப்படங்களைத் திரையிட்டு வருகிறேன். பெரும்பாலும் நான் எடுத்துச் செல்பவை, வங்கதேசத் தலைநகர் டாக்காவை அடுத்த சாவரில் 2013 ஏப்ரல் 24 அன்று இடிந்து விழுந்த ராணா பிளாசா கட்டடத்தைப் பற்றிய படங்கள். அந்த எட்டு மாடிக் கட்டடத்தில் முந்தைய நாளே விரிசல் தெரிந்தது. கீழே இருந்த வங்கியும் கடைகளும் மூடப்பட்டன. மேலே இருந்த ஆடைத் தொழிற்சாலைகளின் தொழிலாளர்களோ மறுநாள் காலை வேலைக்கு ஏற்றப்பட்டனர். 1,134 பேர் இறந்தனர்.

விரிசல் வரும் இடத்தில் படத்தை நிறுத்திவிட்டு, உள்ளே போகமாட்டோம் என்று அவர்களால் ஏன் சொல்ல முடியவில்லை என்று கேட்பேன். மாதக் கடைசி, சம்பளத்தைப் பிடித்துவிடுவார்கள் என்று பின்வரிசையிலிருந்து உடனே பதில் வரும். அங்கும் அதுதான் நடந்தது. சொந்தக் கம்பெனியைப் பற்றிக் கேட்டால் வாய் திறக்காதவர்கள், டாக்காவைப் பற்றிப் பேசத் தொடங்கிச் சற்று நேரத்தில், தங்கள் தளத்தின் அவசர வழிக் கதவு, ஆய்வாளர்கள் வரும் ஆடிட் நாளில் மட்டுமே திறந்திருப்பதைச் சொல்லிவிடுகிறார்கள். சூப்பர்வைசர் உட்கார்ந்திருக்கும் கூட்டத்தில் இந்தப் பேச்சு எழாது. ஆகவே நாங்கள் பெயர்ப் பதிவு வைப்பதில்லை, புகைப்படமும் எடுப்பதில்லை.

கம்பெனிதான் பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டிக் கொடுத்ததே என்று யாராவது கேட்பதுண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம், 135ஆவது பிரிவின் கீழ் வரும் பெரிய நிறுவனங்கள் தங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும் என்கிறது. அது நல்ல ஏற்பாடுதான். ஆனால் அந்த லாபம் எப்படிப்பட்ட கூரையின் கீழ் ஈட்டப்பட்டது என்பதை அது கேட்பதில்லை. ராணா பிளாசாவில் இயங்கிய சில தொழிற்சாலைகளும், தொழிலாளர்களின் நிலைமையைச் சோதிக்கும் சமூகத் தணிக்கையில் தேறியவையே.

அந்த விபத்துக்குப் பிறகு 2013 மே மாதத்தில் பன்னாட்டு ஆடை பிராண்டுகள் தொழிற்சங்கங்களுடன் சட்டப்படி தங்களைக் கட்டுப்படுத்தும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. பாதுகாப்பற்றது என்று நியாயமாகக் கருதும் கட்டடத்துக்குள் நுழைய மறுக்கும் உரிமையை அது தொழிலாளருக்கு அளித்தது. நம் பக்கத்திலும் 2022இல் திண்டுக்கல்லில், பாலியல் வன்முறையைத் தடுப்பதற்காகப் பெண் தொழிலாளர்களின் சங்கம் ஏற்றுமதி நிறுவனத்துடனும் பிராண்டுகளுடனும் இத்தகைய ஒப்பந்தங்களைச் செய்துகொண்டது. நுழைய மறுக்கும் உரிமையைப் பற்றிய பகுதியைப் படம் முடிந்ததும் தமிழில் வாசிக்கிறோம். செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பியவர்களும் அதைக் கேட்கத் திரும்பி வந்து உட்காருகிறார்கள்.