தள்ளுமுள்ளில் முடங்கும் ரோபோ: கியர் விகிதமும் 12 வோல்ட் பேட்டரியும்

பள்ளி மாணவர்கள் ரோபோ கட்டி மோதும் ஃபர்ஸ்ட் ரோபாட்டிக்ஸ் போட்டி, சுருக்கமாக எஃப்ஆர்சி, 1992இல் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் ஒரு பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் தொடங்கியது. இப்போது ஒரு பக்கம் மூன்று ரோபோ, எதிரில் மூன்று. ஆட்டம் சுமார் இரண்டரை நிமிடம். ஆட்டத்தின் இலக்கு ஆண்டுதோறும் ஜனவரியில் புதிதாக அறிவிக்கப்படும். மின்சார விதிகள் மட்டும் பெரிதாக மாறுவதில்லை. வடிவமைப்பில் பாதி முடிவுகளை அந்த விதிகளே எடுத்துவிடுகின்றன.

எல்லா ரோபோவுக்கும் ஒரே வகை பேட்டரிதான்: 12 வோல்ட், சுமார் 18 ஆம்பியர்-மணி கொண்ட மூடிய ஈய-அமில பேட்டரி, எடை 6 கிலோ. அதையடுத்து 120 ஆம்பியர் மெயின் பிரேக்கர், அதாவது மின்னோட்டம் மிகும்போது இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச். ஒவ்வொரு மோட்டாரின் கிளைக்கும் அதிகபட்சம் 40 ஆம்பியர் பிரேக்கர். ரோபோவின் எடை வரம்பு, பேட்டரியும் பம்பரும் நீங்கலாக, 2024இல் 125 பவுண்டு (56.7 கிலோ), 2025இல் அதை 115 ஆகக் குறைத்தார்கள்.

பேட்டரியின் கொள்ளளவு போதாது என்று பலர் நினைக்கிறார்கள். அது தாராளமாகப் போதும். ஆட்டம் முழுக்கச் சராசரியாக 100 ஆம்பியர் இழுத்தாலும் 4.2 ஆம்பியர்-மணிதான் செலவாகும். சிக்கல் உள்மின்தடையில் இருக்கிறது. பேட்டரி, கம்பிகள், இணைப்புகள் எல்லாம் சேர்ந்து சுமார் 0.02 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 100 ஆம்பியர் இழுத்தால் 2 வோல்ட் காணாமல் போகும். 300 ஆம்பியருக்கு 6 வோல்ட்.

இதை ஒரு சாதாரண ஓட்டமைப்பில், அதாவது ரோபோவை நகர்த்தும் மோட்டார்-சக்கரத் தொகுதியில், பார்க்கலாம். சிம் (CIM) என்ற வகை மோட்டார்கள் நான்கு, 6 அங்குலச் சக்கரங்கள், 10.71:1 கியர் விகிதம் (மோட்டார் 10.71 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும்). சிம் மோட்டார் சுமையின்றி நிமிடத்துக்கு 5,330 சுற்று சுற்றும். அசையவிடாமல் பிடித்தால் 2.41 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசை தந்து 131 ஆம்பியர் இழுக்கும். இந்த விகிதத்தில் ரோபோவின் உச்ச வேகம் நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர். நல்ல வேகம்தான். ஆனால் எதிரணி ரோபோ குறுக்கே நின்று தள்ளும்போது என்ன ஆகிறது?

பேட்டரி, பம்பர் சேர்த்து ரோபோ 70 கிலோ. தரைவிரிப்பின் மேல் ரப்பர் சக்கரத்தின் உராய்வுக் கெழு 1.1. சக்கரம் வழுக்க 755 நியூட்டன் விசை வேண்டும். அதற்கு ஒவ்வொரு மோட்டாரும் 1.34 நியூட்டன்-மீட்டர் தர வேண்டும், அதாவது 73 ஆம்பியர். நான்குக்கும் சேர்த்து 292. மின்னழுத்தம் 12.6இலிருந்து 6.8 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். ரோபோரியோ கட்டுப்பாட்டுப் பெட்டியின் முதல் பதிப்பு 6.3 வோல்ட்டுக்குக் கீழே மோட்டார் வெளியீடுகளை நிறுத்திவிடும். நிறுத்தியதும் மின்னழுத்தம் ஏறும், மோட்டார்கள் மீண்டும் இழுக்கும், மறுபடி இறங்கும். ரோபோ விட்டுவிட்டுத் துடிப்பது இதனால்தான். பழைய பேட்டரி, கூடவே ஓடும் ஒரு தூக்கி (பொருளை உயர்த்தும் அமைப்பு) மோட்டார், இவற்றில் ஒன்று சேர்ந்தாலே இந்த எல்லை தாண்டிவிடும். மெயின் பிரேக்கர் வெப்பத்தால் இயங்குவது. மிகை மின்னோட்டத்தைச் சில நொடிகள் தாங்கும். அது விழுந்துவிட்டால் அந்த ஆட்டம் முடிந்தது, யாரும் உள்ளே போய்த் தூக்கிவிட முடியாது.

சக்கரம் வழுக்கும்போது மோட்டாருக்கு 40 ஆம்பியர்தான் என்று கட்டுப்படுத்த விரும்பினால் விகிதம் 19.5:1 ஆக வேண்டும். அப்போது உச்ச வேகம் நொடிக்கு 2.2 மீட்டருக்குச் சரியும். சுமார் 54 அடி நீள மைதானத்தில் இது கடும் இழப்பு. எங்கள் கருத்தில், வேகத்தை விட்டுக்கொடுக்காமல் மென்பொருளில் வரம்பு வைப்பதே நல்ல வழி. ஆனால் எந்த மின்னோட்டத்துக்கு வரம்பு என்பது முக்கியம். பேட்டரியிலிருந்து வரும் மின்னோட்டத்தை வரம்பிட்டால் மின்னழுத்தம் காப்பாற்றப்படும். மோட்டார்ச் சுருளில் ஓடுவதை வரம்பிட்டால் முறுக்குவிசையும் சூடும் அடங்கும். இரண்டையும் தனித்தனியே அமைக்க வேண்டும். கிராக்கன் எக்ஸ்60 போன்ற புதிய தூரிகையற்ற (பிரஷ்லெஸ்) மோட்டார்கள் நின்ற நிலையில் 300 ஆம்பியரைத் தாண்டி இழுப்பவை. அவற்றில் வரம்பே வைக்காமல் களமிறங்குவது ஆபத்து.

ஆறு சக்கர ரோபோவில் இன்னொரு மின்னோட்டத் திருடன் உண்டு: திரும்பும்போது ஏற்படும் பக்கவாட்டு உராய்வு. நடுச் சக்கரங்களை 3 மில்லிமீட்டர் தாழ்த்தி வைத்தால் ஒரு நேரத்தில் நான்கு சக்கரங்களே தரையைத் தொடும், திருப்பம் இலகுவாகும். அதிகம் தாழ்த்தினால் ரோபோ முன்னும் பின்னும் ஆடும். உயரமான தூக்கி இருந்தால் குறி தவறும்.

பேட்டரிகளுக்கு எண் எழுதி உள்மின்தடையை அளந்து குறித்து வையுங்கள். பேட்டரி மட்டும் 0.015 ஓமுக்குள் இருந்தால் ஆட்டத்துக்கு, 0.020ஐத் தாண்டினால் பயிற்சிக்கு. முனை போல்ட்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். அதில் மாட்டிய கம்பியின் வளையம் நகர்ந்தால் அது தளர்வு. மோதலில் ஒரு கணம் தொடர்பு விட்டாலே ரோபோவை ஓட்டுநரோடு இணைக்கும் ரேடியோ அணைந்துவிடும், அது மீண்டும் கிளம்ப அரை நிமிடத்துக்கு மேல் ஆகலாம். பூட்டு வாஷர் போட்டு இறுக்கி, மேலே மின்காப்பு நாடா சுற்றுங்கள்.