அம்மாவிடம் கேட்டு நிரப்பாதீர்கள்

போதை மீட்பு மைய ஊழியர்களே, மறுபடியும் அதே மாதிரி ஒரு படிவம். உலக சுகாதார நிறுவனத்தின் 26 கேள்வி வாழ்க்கைத்தரப் படிவம். சிகிச்சைக்கு வந்த மகன் வெளியே பெஞ்சில் இருக்க, எல்லாவற்றுக்கும் அம்மாவே பதில் சொல்லியிருக்கிறார். ஓரத்தில் ‘சிறுநீர்ச் சோதனை நெகட்டிவ், நல்ல முன்னேற்றம்’ என்று ஒரு குறிப்பு.

தயவுசெய்து இரண்டையும் ஒன்றாக்காதீர்கள். அண்மையில் குறிப்பிட்ட போதைப்பொருள் உடம்புக்குள் போனதா என்பதோடு அந்தச் சோதனையின் வேலை முடிந்தது. அவர் தூங்குகிறாரா, வேலைக்குப் போக முடிகிறதா, டவுன் ரதவீதியில் தெரிந்தவர் எதிரே வந்தால் முகம் கொடுத்துப் பேச முடிகிறதா? இதெல்லாம் அதில் தெரியாது. வீட்டுக்குள் அடைத்து, போனைப் பிடுங்கி வைத்தாலும் நெகட்டிவ் வரும். போதை ஊசியை விட்டுவிட்டுக் கஞ்சாவை மட்டும் தொடர்கிறவருக்குப் பாசிட்டிவ் வரும். ஆனால் தூக்கமும் வருமானமும் தேறியிருக்கலாம். ‘பய இப்ப நல்லா இருக்கான்’ என்பது வீட்டாரின் நிம்மதி. படிவம் கேட்பது அவருடைய நிலையை.

‘ஏதோ போகுது அண்ணாச்சி’ என்றதும் நடுவிலுள்ள 3-ல் டிக் அடிக்காதீர்கள். நம்ம ஊரில் அது மரியாதைக்குச் சொல்வது. ஐந்து விடைகளையும் அட்டையில் காட்டி, ‘இதுல எது?’ என்று கேளுங்கள். கேட்பது கடந்த 2 வாரத்தைப் பற்றி. பௌர்ணமி சமயமென்றால் ‘போன அமாவாசையிலிருந்து’ என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். அதன்பின் கேள்வியை இருக்கிறபடியே வாசியுங்கள், சொந்த விளக்கம் வேண்டாம்.

ஹெராயினோ போதைக்கான வலி மாத்திரையோ நிறுத்திய முதல் வாரம் உடம்பு முறித்துப் போடும், தூக்கம் இருக்காது. அப்போது எடுத்த மதிப்பெண்ணோடு மூன்றாம் மாதத்தை ஒப்பிட்டால், இல்லாத முன்னேற்றமும் இருப்பதாகத் தெரியும். கடைசியாகப் போதைப்பொருள் எடுத்த தேதியைத் தாளில் குறியுங்கள்.

3, 4, 26 தலைகீழ்க் கேள்விகள்: இவற்றில் எண் கூடினால் நிலை மோசம் என்று பொருள். விடையை 6-லிருந்து கழிக்க வேண்டும். மறந்தால் வலி அதிகமுள்ளவர் சுகமாக இருப்பதாகக் கணக்கு வரும். உடல், மனம், உறவு, சூழல் என்ற நான்கு பகுதிகளின் மதிப்பெண்ணையும் தனித்தனியே வையுங்கள், கூட்டாதீர்கள். உறவுப் பகுதியில் மூன்றே கேள்விகள். அதில் 21-வது தாம்பத்தியம் பற்றியது என்று கூச்சப்பட்டுத் தாண்டிவிடுகிறார்கள். ஒன்று விட்டால் மற்ற இரண்டின் சராசரியை எடுக்கலாம். இரண்டு விட்டால் அந்தப் பகுதிக்கே மதிப்பெண் கிடையாது.

அம்மாமார்களே, ஒரு கால் மணி நேரம் வெளியே இருங்கள். ஊழியர்களே, விடைத்தாளை வீட்டாரிடம் காட்டாதீர்கள். காட்டினால் அடுத்த முறை அவர் உண்மையைச் சொல்ல மாட்டார்.