வெறும் உப்புதானே என்று தண்ணீரில் கொட்டுமுன்

போன வாரம் மறுபடியும் அதே அழைப்பு. ஆள்தான் வேறு, கதை பழையது. நீச்சல் குளம் ஒன்றைப் பராமரிப்பவர். தண்ணீர் கலங்கலாக இருக்கிறதென்று படிகாரத்தை அள்ளிப் போட்டிருக்கிறார். இரண்டு நாளில் அழுக்கெல்லாம் அடியில் படிந்து தண்ணீர் பளிச்சென்று ஆகிவிட்டது. குளிக்க இறங்கியவர்களுக்கோ கண் எரிச்சல். குளோரின்தான் காரணம் என்று தானே முடிவு கட்டி அதையும் நிறுத்திவிட்டார். எரிச்சல் நிற்கவில்லை.

"பிஎச் பார்த்தீர்களா?" என்றேன்.

"அமிலம் எதுவுமே போடலையே சார், எதுக்குப் பார்க்கணும்? படிகாரம் வெறும் உப்புதானே?"

மாதிரி வந்தது. மீட்டரை வைத்தால் 5.2. பிஎச் என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் எண்: 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். நீச்சல் குளத்தில் 7.2-க்குக் கீழே போகக் கூடாது. இரண்டு எண் குறைந்தால் என்ன என்று கேட்காதீர்கள். ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. அந்தக் குளத்தில் அமிலத்தன்மை இருக்க வேண்டியதைப்போல் நூறு மடங்கு.

தண்ணீர்ச் சுத்திகரிப்பில் இத்தனை வருடம் இருந்துவிட்டு, இந்த "உப்புதானே"வைக் கேட்டால் எனக்கு இன்னும் கோபம் வருகிறது. ஆனால் சொல்பவர் மேல் மட்டும் குற்றமில்லை. பள்ளியில் அமிலமும் காரமும் சேர்ந்தால் உப்பும் நீரும் என்று படித்தோம். அந்த வினைக்கு நாம் வைத்த பெயர் நடுநிலையாக்கல். பெயரிலேயே நடுநிலை இருக்கிறது! அப்புறம் பிறந்த உப்பு நடுநிலை என்று பிள்ளைகள் நினைக்காமல் வேறு என்ன செய்வார்கள்? அந்தச் சொல்லுக்கு அர்த்தம், இருந்த அமிலத்துக்கு ஈடான காரம் சேர்ந்துவிட்டது என்பது மட்டுமே. கடைசியில் தண்ணீர் 7-ல் நிற்கும் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. சமையல் உப்பான சோடியம் குளோரைடு 7-ல் நிற்கிறது, சரி. நமக்குத் தினமும் தெரிந்த உப்பு அது ஒன்றுதான் என்பதால், உப்பு வர்க்கம் முழுவதற்கும் அதை வைத்தே நற்சான்று கொடுத்துவிட்டோம்.

நம்பிக்கை வரவில்லையென்றால் கல்லூரி ஆய்வகத்தை நினைத்துப் பாருங்கள். அசிட்டிக் அமிலத்தை சோடியம் ஹைட்ராக்சைடால் தரம் பார்க்கும்போது நிறம் மாறி முடிவைக் காட்டும் நிறங்காட்டியாக ஃபீனால்ப்தலீன் போடு, மெத்தில் ஆரஞ்சு போடாதே என்பார்கள். எல்லோரும் மனப்பாடம் செய்தோம், ஏன் என்று கேட்டவர் குறைவு. முடிவுப் புள்ளியில் குடுவையில் இருப்பது சோடியம் அசிடேட்டும் தண்ணீரும் மட்டும்தான். அமிலம் மிச்சமில்லை, காரமும் மிச்சமில்லை. அப்படியும் பிஎச் 9-ஐ ஒட்டி நிற்கிறது. ஃபீனால்ப்தலீன் நிறம் மாறுவது அந்த இடத்தில்தான். அத்தனை பேரும் கண்ணால் பார்த்த சான்று இது, கையெழுத்துப் போட்டு நோட்டையும் மூடி வைத்துவிட்டோம்.

நடப்பது இவ்வளவுதான். உப்பு தண்ணீரில் அயனிகளாக, அதாவது மின்னேற்றம் கொண்ட துகள்களாகப் பிரியும். வலிமை குறைந்த அமிலத்தின் அயனி தண்ணீரிடமிருந்து ஹைட்ரஜன் அயனியைப் பிடுங்கிக்கொள்ளும், ஹைட்ராக்சைடு மிஞ்சும், தண்ணீர் காரமாகும். வலிமை குறைந்த காரத்திலிருந்து வந்த அயனி என்றால் இதற்கு நேர்மாறு. புத்தகத்தில் உப்பின் நீராற்பகுப்பு என்று இருக்கும். உப்பின் வாய்பாட்டில் ஹைட்ரஜனே இல்லையே, அமிலம் எங்கிருந்து வரும் என்று ஒருவர் என்னிடம் வாதாடினார். தண்ணீரில் கொட்டிவிட்டு ஹைட்ரஜன் எங்கே என்று தேடினால் நான் என்ன சொல்ல? உப்பின் பெற்றோரான அமிலம், காரம் இருவருமே வலிமை குறைந்தவர்கள் என்றால் எது எவ்வளவு குறைவு என்று பார்க்க வேண்டும். அம்மோனியம் அசிடேட் ஏறக்குறைய 7-லேயே நிற்கும், அம்மோனியம் கார்பனேட் காரப் பக்கம் சாயும்.

இப்போது படிகாரத்துக்கு வருகிறேன். அதில் இருக்கும் அலுமினியம் அயனி சிறியது, மூன்று நேர்மின்னேற்றம் கொண்டது. தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளை இறுக்கி வைத்துக்கொண்டு, அவற்றிலிருந்து ஹைட்ரஜன் அயனிகளைக் கழற்றி வெளியே விடும். அது கிட்டத்தட்ட அசிட்டிக் அமிலத்துக்குச் சமமான அமிலம். இரும்பின் ஃபெரிக் அயனி அதையும் மிஞ்சும்: லிட்டருக்கு 0.1 மோல் ஃபெரிக் குளோரைடு கரைசலில் பிஎச் 2-க்கு அருகில் இருக்கும். கலங்கலைப் பிடித்து இழுக்கும் அந்தப் பஞ்சு போன்ற அலுமினியம் ஹைட்ராக்சைடு இந்த வினையில்தான் உருவாகிறது. ஆகவே தெளிவும் அமிலமும் ஒன்றாகத்தான் வரும். தெளிவு மட்டும் போதும், அமிலம் வேண்டாம் என்று படிகாரத்திடம் பேரம் பேச முடியாது.

அப்படியென்றால் குடிநீர் நிலையங்களில் காலங்காலமாகப் படிகாரம் போடுகிறார்களே, அது எப்படி? அந்தத் தண்ணீரில் இருக்கும் பைகார்பனேட் வருகிற அமிலத்தை உறிஞ்சிக்கொள்கிறது. இதையும் காரத்தன்மை என்கிறோம், பிஎச் 7-க்கு மேல் இருப்பதையும் காரத்தன்மை என்கிறோம். ஒரே சொல் இரண்டு வேலை பார்ப்பதால் ஆய்வு அறிக்கையைப் படிப்பவர்கள் படும் பாடு தனிக்கதை. நான் இங்கே சொல்வது அமிலத்தைத் தாங்கும் திறனை. குடிநீர் நிலையங்களில் படிகாரமாகப் போடும் அலுமினியம் சல்ஃபேட்டை லிட்டருக்கு 100 மில்லிகிராம் போட்டால், கால்சியம் கார்பனேட் கணக்கில் சுமார் 50 மில்லிகிராம் காரத்தன்மை செலவாகும். 200 இருக்கும் தண்ணீருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. 20 மட்டுமே இருக்கும் மென்னீரில் அதே அளவைக் கொட்டினால் பிஎச் தலைகுப்புற விழும். "பக்கத்துக் குளத்தில் இதே அளவுதான் போட்டார்கள், அங்கே ஒன்றும் ஆகவில்லையே" என்பவர்களுக்கு இதுதான் பதில். பக்கத்துக் குளத்துத் தண்ணீர் உங்கள் தண்ணீர் இல்லை.

இது கண் எரிச்சலோடு நின்றுவிடும் விஷயம் என்றும் எண்ணாதீர்கள். 1988 ஜூலையில் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், கேமல்ஃபோர்டு ஊருக்குத் தண்ணீர் கொடுத்த நிலையத்தில் சுமார் 20 டன் அலுமினியம் சல்ஃபேட் கரைசலை லாரி ஓட்டுநர் தவறான தொட்டியில் இறக்கிவிட்டார். ஏறக்குறைய 20,000 பேருக்குப் போகும் தண்ணீர். அலுமினியம் ஒரு பக்கம் இருக்கட்டும், அமிலமாகிப் போன அந்தத் தண்ணீர் வழியிலிருந்த குழாய்களின் தாமிரத்தையும் ஈயத்தையும் கரைத்துக்கொண்டு வீடுகளுக்குள் போனது. என்ன நடந்தது என்பதை மக்களுக்குச் சொல்லவே இரண்டு வாரத்துக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். அமிலம் என்று பெயர் எழுதிய எதுவும் அந்த லாரியில் இல்லை.

"நிறையத் தண்ணீர் விட்டால் சரியாகிவிடும்" என்பது அடுத்த வைத்தியம். சோடியம் அசிடேட்டைப் பத்து மடங்கு நீர்த்தால் பிஎச் 8.9-லிருந்து 8.4-க்கு வரும். பத்து மடங்குக்கு அரை எண்தான்! நீர்க்க நீர்க்க நீராற்பகுப்பின் விகிதம் கூடுவதால் தண்ணீரை மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தால் தீராது.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது வேறொன்று. வெளுக்கும் திரவத்தில் இருக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட்டும் உப்புதான், வலிமை குறைந்த அமிலத்தின் உப்பு. காரத்தில் இருக்கும்வரை அடங்கியிருக்கும். அதோடு படிகாரக் கரைசலோ ஃபெரிக் குளோரைடோ சேர்ந்தால் பிஎச் சரிந்து குளோரின் வாயு கிளம்பும். "இரண்டும் உப்புதானே, ஒரே பீப்பாயில் கலந்துவிட்டேன்" என்று சொன்னவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் பிழைத்தது கதவு திறந்திருந்ததால். தயவுசெய்து, கெஞ்சிக் கேட்கிறேன், இவற்றுக்கு வாளி, குழாய், பம்பு எல்லாம் தனித்தனியாக வையுங்கள். வாயு கிளம்பினால் என்ன வாசனை என்று குனிந்து பார்க்காமல் வெளியே ஓடுங்கள்.

மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பழைய தண்ணீர் அமிலமாகிவிட்டது என்று சலவை சோடாவை ஒரு கை போடுவார்கள். அந்தத் தண்ணீரில் மீன் கழிவிலிருந்து வந்த அம்மோனியம் இருக்கும். 25 டிகிரியில், பிஎச் 7-ல் அதில் நச்சு அம்மோனியாவாக இருப்பது அரை சதவீதம் அளவுக்குத்தான். 9-க்கு ஏற்றினால் மூன்றில் ஒரு பங்கு. மீன் மிதந்த பிறகு எனக்குப் போன் செய்து பயனில்லை. முதலில் தண்ணீரை மாற்றுங்கள்.

மற்றபடி புதிதாகச் சொல்ல எதுவுமில்லை. போடுவதற்கு முன்னும் பின்னும் பிஎச் பாருங்கள், காரத்தன்மையையும் பாருங்கள். முதலில் ஒரு குவளைத் தண்ணீரில் போட்டுப் பாருங்கள், குளம் எங்கும் ஓடிவிடாது. சலவை சோடா, ட்ரைசோடியம் ஃபாஸ்பேட்டைக் கையாளும்போது கண்ணாடி போடுங்கள். கண்ணுக்குள் காரம் போனால் அமிலத்தைவிட ஆழமாக இறங்கும். பட்டுவிட்டால் ஓடும் தண்ணீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள். அமிலத்துக்குக் காரம், காரத்துக்கு அமிலம் என்று கண்ணில் சோதனை செய்யாதீர்கள்.

அந்தக் குளத்துக்காரரிடம் சலவை சோடாவைக் கரைத்து, கொஞ்சம் கொஞ்சமாக, நாளுக்கு ஒரு தவணை ஊற்றச் சொன்னேன். "படிகாரமும் உப்பு, இதுவும் உப்பு. அது இறக்கினதை இது எப்படி சார் ஏத்தும்?" என்றார். அத்தனை பேச்சில் அவர் கேட்ட முதல் நல்ல கேள்வி. நாலாம் நாள் மாதிரியில் பிஎச் 7.3. தாமிர அளவு மட்டும் இன்னும் இறங்கவில்லை, தண்ணீர் சூடாக்கும் கருவியின் குழாயைத் திறந்து பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.