பர்லியாரில் கருகும் வாடை: பிக்கப் வண்டி எவ்வளவு தாங்கும்?

குன்னூரிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும் சாலையில், பர்லியார் டீக்கடைப் பக்கம் நின்றால் சில நாட்களில் டீ மணத்தை அமுக்கிக்கொண்டு வேறொரு வாடை வரும். பிரேக் லைனிங், அதாவது உரசிச் சக்கரத்தைப் பிடிக்கும் பட்டை, கருகும் வாடை. கேத்தியில் கழுவி மூட்டை கட்டிய கேரட்டோடு ஒரு பிக்கப் ஓரம் கட்டியிருக்கும். ஓட்டுநர் பின்சக்கரத்தருகே கையைக் கொண்டுபோய், சூடு பட்டவராக வெடுக்கென்று இழுத்துக்கொள்வார். கேட்டால், "ஏற்றத்திலேயே முக்காமல் இழுக்கிற வண்டி, இறக்கத்தில் என்ன செய்துவிடும்?" என்பார். நீலகிரியில் கணக்கு நேர் தலைகீழ். இங்கே காய்கறி கீழே போகிறது. பாரம் இறக்கத்தில்தான் முழுமையாக இருக்கிறது.

முதலில் ஆர்.சி. புத்தகத்தைப் பார்ப்போம். பாரத்தோடு 2,950 கிலோ, வெற்று எடை 1,650 கிலோ என்று இருந்தால், மிச்சம் 1,300 கிலோ. ஐம்பது கிலோ மூட்டையாகப் போட்டால் 26 மூட்டை என்று மனம் உடனே பெருக்கிவிடும். ஆனால் சட்டப்படி வெற்று எடையில் ஓட்டுநரும் உதவியாளரும் சேர்த்தி இல்லை. ஓட்டுநர், இரண்டு சுமை தூக்குவோர், பிறகு பொருத்திய கம்பிச் சட்டம், தார்ப்பாய், கயிறு எல்லாம் அந்த 1,300-க்குள்தான் அடங்க வேண்டும். இவையே 300 கிலோ வந்துவிட்டால் மூட்டை இருபதுதான். கழுவிய கேரட்டின் ஈரமும், மழையில் நனைந்த சாக்கும் வேறு.

பாரத்தை எங்கே வைக்கிறோம் என்பதும் எடைதான். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3 மீட்டர் என்று வைப்போம். பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 300 கிலோ அடுக்கினால், பின் அச்சில் 400 கிலோ கூடும். முன் அச்சில் 100 கிலோ குறையும். சீசாப் பலகைபோல முன்பக்கம் லேசாகிவிடும். திசை திருப்புவதும் பிரேக்கின் பெரும்பங்கும் முன்சக்கரங்களின் வேலை. கொண்டை ஊசி வளைவில் அவைதான் பிடி இழக்கின்றன.

இப்போது இறக்கம். ஊட்டி கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரம். மேட்டுப்பாளையம் சுமார் 325. வித்தியாசம் 1,900 மீட்டருக்கு மேல். மூன்று டன் வண்டி அவ்வளவு இறங்கும்போது 56 மெகாஜூல் ஆற்றல் வெளிப்படுகிறது. இது 25 டிகிரியில் உள்ள 178 லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோகப் போதும். இன்னொரு விதமாகச் சொன்னால், 40 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அதே வண்டியை முந்நூறு முறை முழுதாக நிறுத்துவதற்குச் சமம். டயர் உருளும் உராய்வும் காற்றும் ஒரு பங்கை விழுங்கும். மிச்சத்தை எஞ்சின் தாங்க வேண்டும், இல்லையென்றால் லைனிங் உரசும் உருளையான பிரேக் டிரம் தாங்க வேண்டும். பத்து மூட்டை கூடுதலாக, அதாவது 500 கிலோ ஏற்றினால், அந்த முந்நூறோடு இன்னும் ஐம்பது நிறுத்தம் சேர்கிறது.

டிரம் சூடானால் லைனிங்கின் உராய்வு குறையும். இன்னும் மோசம், பெடலை மிதிக்கும் அழுத்தத்தைச் சக்கரத்துக்குக் கடத்தும் பிரேக் ஆயில். அது காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். 'டாட் 3' ரகம் புதிதில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது; ஈரம் ஏறிவிட்டால் அந்த அளவு 140 ஆகிவிடும். ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழிகள் உண்டாகும். ஆயிலை அமுக்கிச் சுருக்க முடியாது, ஆவியை முடியும். மிதித்தால் பெடல் தரைவரை போகும், வண்டி நிற்காது. மேட்டுப்பாளையத்துச் சமவெளியில் ஆண்டுக்கணக்கில் மாற்றாத ஆயில் ஒன்றும் செய்யாமல் இருக்கலாம், மலை விடாது.

அதனால்தான் சாலையோரப் பலகைகளில் இரண்டாம் கியரில் இறங்கச் சொல்கிறார்கள். ஏறிய கியரில் இறங்கு என்பது பழைய ஓட்டுநர்களின் கணக்கு. சிறிய கியரில் சக்கரம் எஞ்சினைச் சுழற்றுகிறது. எஞ்சினின் உள் உராய்வும் காற்றை உள்ளிழுத்து வெளியேற்றும் வேலையும் ஆற்றலைத் தின்கின்றன, வெப்பம் ரேடியேட்டர் வழியாகவும் புகைக்குழாய் வழியாகவும் போய்விடுகிறது. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

பின்னால் டிரெய்லர் கட்டினால் கதை இன்னும் சிக்கல். ஆஸ்திரேலியாவில் ஹைலக்ஸ், டி-மேக்ஸ் போன்ற பிக்கப்களின் சில வகைகளுக்கு 3,500 கிலோ இழுவை என்று விளம்பரம் இருக்கும். அது டிரெய்லருக்கு என்றே தனி பிரேக் உள்ளபோது. பிரேக் இல்லாவிட்டால் 750 கிலோ மட்டும். அதிலும் வண்டி, டிரெய்லர் இரண்டின் மொத்தத்துக்கும் தனி உச்சவரம்பு உண்டு. அது 5,800 கிலோ என்று வைத்தால், 3,500 இழுக்கும்போது வண்டிக்கு மிஞ்சுவது 2,300. வண்டியே 2,100 கிலோ இருந்தால், ஏற்றுவதற்கு 200 கிலோதான்: மூன்று பேர் ஏறினால் முடிந்தது.

ஏற்றத்தைவிட இறக்கத்தில் பிடித்து நிறுத்துவதுதான் பெரிய வேலை என்பதை, பக்கத்தில் ஓடும் மலை ரயிலை 1899-இல் குன்னூர் வரை கொண்டுவந்தவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டிருந்தார்கள். கல்லாரிலிருந்து 12-க்கு 1 என்ற சரிவில், பல்சக்கரம் பற்றி ஏறும் எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கம்தான் நிற்கும். பெட்டிகளை இழுக்காது, தள்ளும். ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக் பிடிக்க ஓர் ஆள் உண்டு.

பர்லியார் ஓட்டுநருக்கு வருவோம். அவர் வாளியில் தண்ணீர் கேட்டார். சூடான டிரம்மில் ஊற்றினால் விரிசல் விடும் என்று கடைக்காரர் தர மறுத்தார். இருவரும் சற்று நேரம் வாதாடினார்கள். பிறகு ஓட்டுநர் பெஞ்சில் உட்கார்ந்து இரண்டாவது டீ சொன்னார்.