டிரான்ஸ்ஜெண்டர்: சொல்லும் பொருளும்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்தில் சனிக்கிழமை காலை நாங்கள் நடத்தும் தமிழ் வகுப்புக்கு வருபவர்கள் பெரும்பாலும் வீட்டில் தமிழ் நின்றுபோன தலைமுறையினர். போன மாதம் ஓட்டப்பயிற்சி முடித்து, கால்சட்டையில் புல் ஒட்டியிருக்க நேரே வகுப்புக்கு வந்த ஒரு பெண், ‘எனக்குப் பிடித்த வீராங்கனை’ என்ற தலைப்பில் எழுதிக் காட்டினாள். முதல் வரி: “காஸ்டர் செமென்யா ஒரு திருநங்கை.” செமென்யா நம் நாட்டு ஓட்ட வீராங்கனை. வரியில் எழுத்துப்பிழை ஒன்றுகூட இல்லை. சொன்ன செய்திதான் தவறு. ஏன் அப்படி எழுதினாய் என்று கேட்டேன். “டிரான்ஸ்னா மாறினவங்கதானே அக்கா? டிவில எல்லாரையும் ஒண்ணாத்தானே பேசுறாங்க” என்றாள்.

அவள் மட்டுமல்ல, பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். லத்தீனில் ‘டிரான்ஸ்’ என்றால் ‘மாறிய’ என்று பொருளில்லை. ‘கடந்து, அக்கரையில்’ என்றே பொருள். அதன் எதிர்ச்சொல் ‘சிஸ்’, இக்கரையில். தென்னாப்பிரிக்காவில் இதைப் புரியவைக்க அகராதி வேண்டாம். அலமாரியில் கிடந்த எண்பதுகளின் பள்ளி அட்லஸை எடுத்து விரித்தேன். ‘கை’ என்ற ஆறு நீலக் கோடாக இறங்கிக் கடலில் கலக்கிறது. அதன் ஒரு பக்கம் சிஸ்கை, மறுபக்கம் டிரான்ஸ்கை. நிறவெறி அரசு கறுப்பின மக்களை ஒதுக்கிவைத்து, 1976-இலும் 1981-இலும் ‘சுதந்திர நாடு’ என்று அறிவித்த பகுதிகள் இவை. 1994-இல் மீண்டும் நாட்டோடு இணைந்தன. பெயர்கள் அதற்கும் பழையவை. பெயரிட்டவர்கள் கேப் டவுன் பக்கமிருந்து பார்த்ததால் டிரான்ஸ்கை அவர்களுக்கு அக்கரை ஆனது. டர்பனில் இருக்கும் நமக்கோ டிரான்ஸ்கைதான் பக்கத்து ஊர். டிரான்ஸ்வாலும் இப்படித்தான், வால் ஆற்றுக்கு அக்கரை. நேட்டாலிலிருந்து அந்த எல்லையைத் தாண்டியதற்காக 1913-இல் காந்தியின் போராட்டத்தில் நம் முன்னோர் சிறைக்குப் போனார்கள்.

‘ஜெண்டர்’ லத்தீனின் ‘ஜீனஸ்’ என்ற சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது. வகை என்பது பொருள். நெடுங்காலம் அது இலக்கணச் சொல்லாகவே இருந்தது. நம் ‘பால்’ என்ற சொல்லும் பகுதி, பிரிவு என்ற பொருளுடையதுதான். அறத்துப்பால் என்கிறோமே, அந்தப் பால். இரண்டு சொற்களையும் சேர்த்து ‘டிரான்ஸ்ஜெண்டரிசம்’ என்று அமெரிக்க மனநல மருத்துவர் ஜான் ஆலிவன் 1965-இல் எழுதினார். உடற்கூற்றைச் சொல்லும் ‘செக்ஸ்’ பால் என்றும், வாழும் அடையாளத்தைச் சொல்லும் ‘ஜெண்டர்’ பாலினம் என்றும் இப்போது பிரித்து எழுதுகிறோம். நம் நாட்டு அரசியலமைப்பின் 9-ஆம் பிரிவும் பாகுபாடு கூடாதவற்றின் வரிசையில் இரண்டையும் தனித்தனியாகவே வைத்திருக்கிறது.

தமிழில் என்ன சொல்வது? ‘பால் மாறியவர்’ சரியல்ல என்று பார்த்தோம். பழைய சொற்கள் பேடி, அலி. தொல்காப்பியம் இத்தகையோரை உயர்திணையில் வைத்துத்தான் பேசுகிறது. ‘பேடி வந்தாள்’ என்று காட்டுகிறார்கள் உரையாசிரியர்கள். மனிதராக மதித்த இலக்கணம் அது. ஆனால் பேடி பின்னாளில் கோழையைத் திட்டும் சொல்லானது. அலி தெருவில் வசையானது. அந்தக் காயத்தோடு அவற்றைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடியாது.

இன்றைய சொற்கள் தெளிவானவை. நங்கை உயர்ந்த பெண். நம்பி உயர்ந்த ஆண். பிறப்பில் ஆண் என்று பதிவாகிப் பெண்ணாக வாழ்பவர் திருநங்கை. பெண் என்று பதிவாகி ஆணாக வாழ்பவர் திருநம்பி. இருவருக்கும் பொதுச்சொல் திருநர். எல்லாரையும் திருநங்கை என்று எழுதும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும்.

செமென்யா இந்த மூன்றிலும் சேரமாட்டார். பிறந்தபோதே பெண் என்று பதிவாகி, பெண்ணாகவே வளர்ந்தவர். சிலருக்குப் பால் சார்ந்த உடற்கூறுகள் கருவிலேயே வழக்கத்திலிருந்து வேறுபட்டு அமைகின்றன. அதற்கு ஊடுபால் என்ற சொல் இருக்கிறது. 2009-இல் பெர்லின் உலகத் தடகளப் போட்டியில் செமென்யா 800 மீட்டர் தங்கம் வென்றபோது அவருக்கு வயது 18. அன்றே அவரது உடல் ஊர்ப்பேச்சானது. அதற்கு மூன்று ஆண்டு முன்பு, தோகா ஆசிய விளையாட்டில் அதே 800 மீட்டரில் வெள்ளி வென்ற புதுக்கோட்டை சாந்தி சௌந்தரராஜனின் பதக்கம் பால் சோதனைக்குப் பிறகு பறிக்கப்பட்டது. சாந்தியும் திருநங்கை அல்லர். சாந்தியின் கதையை வகுப்பில் சொன்னதும் அந்தப் பெண் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

2023-இன் தடகள விதிகளிலும் திருநங்கையரும் ஊடுபாலினரும் தனித்தனியாகவே இருந்தார்கள். 2023 மார்ச்சில் உலகத் தடகள அமைப்பு, ஆண் பருவவளர்ச்சியைக் கடந்த திருநங்கையரைப் பெண்கள் பிரிவிலிருந்து விலக்கியது. ஊடுபால் வீராங்கனையருக்கு டெஸ்டோஸ்டிரோன் என்ற இயக்குநீரின் அளவை 24 மாதம் லிட்டருக்கு 2.5 நானோமோலுக்குக் கீழே வைத்திருக்க வேண்டும் என்றது. 2025 செப்டம்பரிலிருந்து உலகத் தரவரிசைப் போட்டிகளில் பெண்கள் பிரிவில் சேரும் எல்லாருக்கும் ஒருமுறை எஸ்ஆர்ஒய் மரபணுச் சோதனை; கருவில் ஆண் பால் வளர்ச்சியைத் தொடங்கிவைக்கும் மரபணு அது. நீச்சலில் 2022 முதல், திருநங்கையர் 12 வயதுக்குள் அல்லது பருவ மாற்றத்தின் தொடக்கத்துக்குள் ஆண் பருவவளர்ச்சியை நிறுத்தியிருக்க வேண்டும் என்ற வரம்பு.

விலக்குபவர்கள் வைக்கும் வாதம் உடலைப் பற்றியது. உச்சநிலை ஓட்டத்தில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் இடையே ஏறத்தாழ 10 விழுக்காடு இடைவெளி இருக்கிறது. டெஸ்டோஸ்டிரோனைக் குறைத்தால் ஹீமோகுளோபின் சில மாதங்களில் இறங்கும், தசைவலிமை மெதுவாகத்தான் இறங்கும், எலும்பின் நீளம் மாறாது. பெண்கள் பிரிவு என்று ஒன்று இருப்பதே இந்த இடைவெளிக்காகத்தான் என்கிறார்கள். மறுபக்கத்தார், பொதுமக்களிடம் எடுத்த அளவுகளைத் திருநங்கை வீராங்கனையர்மேல் அப்படியே ஏற்ற முடியாது, அவர்களை வைத்து நடந்த ஆய்வுகள் குறைவு, சோதனையின் இழிவு கடைசியில் எல்லாப் பெண்கள்மேலும் விழும் என்கிறார்கள். இரண்டிலும் கேட்கவேண்டியது இருக்கிறது. ஆனால் செமென்யாவைத் திருநங்கை என்று தொடங்கும் பேச்சில் இரண்டுமே காதில் விழாது.

இன்னொரு சொல்லும் என்னை உறுத்துகிறது: தகுதி. ஆங்கிலத்தின் ‘எலிஜிபிள்’ என்ற சொல்லுக்குத் தேர்ந்தெடுக்கத்தக்கவர் என்பதே மூலப்பொருள். அதைத் தகுதி என்று மொழிபெயர்த்து, ‘தகுதியற்றவர்’ என்று தலைப்பிடும்போது தமிழில் அது ஆளின் மதிப்பையே குறைக்கிறது. நம் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் சாலையில் ஓடும் காம்ரேட்ஸ் மாரத்தானை நினைத்துப் பாருங்கள். 1923-இல் பிரான்சிஸ் ஹேவர்ட் என்ற பெண்ணின் விண்ணப்பத்தை மறுத்தார்கள். அவர் ஓடி முடித்தார். பெண்களையும் கறுப்பினத்தவரையும் முறைப்படி சேர்த்தது 1975-இல்தான். ஹேவர்டுக்குக் குறைந்தது தகுதியா? அனுமதி மட்டுமே. ஆகவே வகுப்பில் ‘பங்கேற்பு விதி’, ‘அனுமதி உண்டு’, ‘அனுமதி இல்லை’ என்று எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன்.