அம்புக்குறி எண்ணும் ஜோங்காவும்

பட்டறையில் ஜோங்கா என்ற பழைய ராணுவ ஜீப்பின் பானட்டை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்று அடுக்கு பெயிண்ட் போன பிறகு, அடியிலிருந்து மேல்நோக்கிய ஓர் அம்புக்குறியும் அதையொட்டி இரண்டு இலக்கமும் மங்கலாகத் தெரிந்தன. வண்டிக்காரத் தம்பி அன்று ராத்திரியே எனக்குப் போன் செய்துவிட்டார்.

“சார், மிலிட்டரி நம்பர் அப்படியே இருக்குதுங்க. இதையே தட்டுல எழுதி முன்னாடி போட்டுக்கலாமுங்களா? வண்டியோட ஒரிஜினல் நம்பர்தானுங்களே?”

மோட்டார் வாகன ஆய்வாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஊர்ப் பேச்சில் பிரேக் இன்ஸ்பெக்டர். இந்தக் கேள்வியை வேலையில் இருந்த காலத்திலும் கேட்டிருக்கிறேன், இப்போது இன்னும் அதிகமாகக் கேட்கிறேன். பழைய ராணுவ வண்டியை ஏலத்தில் எடுத்து, பைசா பைசாவாகச் செலவழித்துப் பழைய கோலத்துக்குக் கொண்டுவருகிற இளைஞர்கள் கூடிவிட்டார்கள். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அந்த எண்ணை “வண்டியோட நம்பர்” என்று நினைப்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 60-வது பிரிவைப் படித்தால் விஷயம் தெளிவாகிவிடும். மத்திய அரசின் சொத்தாக இருந்து, நாட்டின் பாதுகாப்பு வேலைக்கு ஓடுகிற வண்டியை மத்திய அரசு குறிப்பிடும் அதிகாரியே பதிவு செய்துகொள்ளலாம். அப்படி இருக்கிறவரைதான் அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸ் பதிவு தேவையில்லை. அதே பிரிவின் நான்காம் உட்பிரிவு, வண்டி மத்திய அரசின் கையைவிட்டுப் போன உடனே 39, 40-வது பிரிவுகள் பொருந்தும் என்கிறது. அதாவது நீங்களும் நானும் ஷோரூமிலிருந்து எடுக்கிற வண்டி மாதிரி அதையும் பதிய வேண்டும். இனி உதவாது என்று கழித்து ஏலம் விட்டபோதே அந்த எண் ராணுவத்தின் ஏட்டோடு போய்விட்டது. உங்களுக்கு விற்கப்பட்டது இரும்பும் எஞ்சினும் சேஸ் என்கிற அடிச்சட்டமும்.

எண்ணின் அமைப்பைப் பார்த்தாலும் இது புரியும். அம்புக்குறி, வண்டி எந்த ஆண்டு படைக்கு வந்தது என்பதைச் சொல்லும் இரண்டு இலக்கம், ஓர் எழுத்து, வரிசை எண், கடைசியில் வகையைக் குறிக்கும் இன்னோர் எழுத்து. எந்த மாநிலம், எந்த ஊர் ஆபீஸ் என்று அதில் எதுவுமே கிடையாது. ராணுவ எண்களைப் பாதுகாப்பு அமைச்சகம் தனியாக நிர்வகிக்கிறது. அம்பு எதற்கு என்று கேட்டால், விபத்தில் தட்டு தெறித்து விழுந்தாலும் எது மேல்பக்கம் என்று தெரிவதற்காம் என்று டீக்கடையில் ஒரு கதை சொல்வார்கள். உண்மையில் அது பிரிட்டிஷ் அரசு தன் உடைமைகள் மேல் பொறித்து வந்த பழைய முத்திரை. “இது சர்க்கார் சொத்து” என்பதுதான் அதன் பொருள். தனியார் வண்டியின் நெற்றியில் அதை எழுதினால் என்ன சொல்கிறோம் என்று யோசித்துப் பாருங்கள்.

செக்போஸ்டில் நிற்கிற காவலருக்கு அந்தத் தட்டு ஒரு தகவல். மறிக்காமல் விடலாம் என்று கை தானாகவே இறங்கும். 2001 டிசம்பர் 13 அன்று நாடாளுமன்ற வளாகத்துக்குள் நுழைந்த அம்பாசிடரில் உள்துறை அமைச்சகத்தின் போலி ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. ஒரு துண்டுக் காகிதத்துக்கே அவ்வளவு தூரம் வழி கிடைத்தது. பழைய வண்டி ஆர்வலரைப் பயங்கரவாதியோடு ஒப்பிடுகிறேன் என்று கோபப்படாதீர்கள். காவலருக்கு உங்கள் மனசு தெரியாது, தட்டுதான் தெரியும்.

அபராதத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பதிவில்லாமல் ஓட்டினால் 192-வது பிரிவின்படி முதல் முறை 2,000 முதல் 5,000 ரூபாய். படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்கிற எண்ணத்தோடு படைக்குரிய அடையாளத்தைப் பயன்படுத்தினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-வது பிரிவு இருக்கிறது. மூன்று மாதம் வரை சிறை. இதில் நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும், ஆகவே தட்டு மாட்டிய எல்லோர் மேலும் அது பாயாது. என்னைக் கேட்டால் இவை இரண்டையும்விடப் பெரிய அடி இன்சூரன்ஸில் விழும். பதிவு இல்லாத வண்டியைப் பொதுச்சாலையில் ஓட்டுவது பாலிசி நிபந்தனையின் அடிப்படையையே மீறுவது என்று 2014-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான்கு வருடம் உழைத்த வண்டி நொறுங்கினால் சல்லிக்காசு வராது.

தட்டுக்கு முன்பே பலர் மாட்டிக்கொள்வது பெயிண்டில். மத்திய மோட்டார் வாகன விதிகளில் 121-வது விதி, பாதுகாப்புத் துறை வண்டிகளைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் கிரீன் அடிக்கக் கூடாது என்கிறது. “ரோட்டுல எத்தனை பச்சை ஜீப் ஓடுது சார்!” என்பார்கள். ஓடுகிறது, ஒப்புக்கொள்கிறேன். பதிவுக்கோ எப்.சி. எனும் தகுதிச் சான்றுக்கோ வந்து நிற்கிற அன்றைக்குத் தெரியும். 1955-லிருந்து திருவொற்றியூரில் உருவான புல்லட்டுக்கும் படைக்கும் உள்ள உறவு பழையது. ஆனாலும் 2018-ல் ராயல் என்ஃபீல்டு தன் பெகாசஸ் பதிப்பைக் கொண்டுவந்தபோது ஆலிவ் பச்சை வெளிநாட்டுக்கு மட்டும்தான் போனது. இந்தியாவுக்கு ஒதுக்கிய 250 வண்டியும் பழுப்பு நிறம். கம்பெனிக்கே கிடைக்காத சலுகை நம் பட்டறைக்குக் கிடைக்குமா?

இனி காகிதத்துக்கு வருகிறேன், ஏனென்றால் பாதிப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ராணுவ ஏல வண்டியைப் பதிய, பாதுகாப்புத் துறை அதிகாரி கையெழுத்திட்ட படிவம் 21, அதாவது விற்பனைச் சான்று, அசலாக வேண்டும். 47-வது விதி இதைத் தனியாகவே குறிப்பிடுகிறது. ஏலத்தில் லாட்டாக எடுக்கிற வியாபாரி பத்து வண்டியைப் பிரித்து விற்பார். உங்கள் கைக்கு வருவது ஜெராக்ஸ். அதில் இருக்கும் சேஸ் எண்ணுக்கும் வண்டியில் அடித்திருக்கும் எண்ணுக்கும் ஒரு இலக்கம் இடிக்கும். அப்புறம் அலைச்சல்தான். ஒருவர் மூன்று வருடம் அலைந்து, கடைசியில் வண்டியைத் தோட்டத்தில் கோழிக்கூடாக விட்டுவிட்டார். பணம் கொடுப்பதற்கு முன் சேஸ் எண்ணைப் பென்சில் தேய்த்துப் படி எடுத்து, அசல் படிவத்தோடு வைத்துப் பாருங்கள். ஜோங்காவில் பெட்ரோல் எஞ்சினைக் கழற்றி டீசல் மாற்றியிருப்பார்கள், அதையும் பாருங்கள்.

2021-ல் வந்த விண்டேஜ் விதிகளைச் சிலர் தவறாகப் படிக்கிறார்கள். 50 ஆண்டு கடந்த, வணிகத்துக்கு ஓடாத இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ என்ற எழுத்துகளோடு தனி எண் வரிசை உண்டு. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், 10 வருடம் செல்லும். பேரணி, கண்காட்சி, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், தினசரி ஆபீஸ் போக முடியாது. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணை வைத்துக்கொள்ளலாம் என்று அதில் இருப்பதைக் காட்டி அம்புக்குறி எண்ணைக் கேட்டார் ஒருவர். 60-வது பிரிவு மறுபதிவையே கட்டாயமாக்கியிருக்கும்போது, அந்தச் சலுகை ஆர்.டி.ஓ. ஆபீஸ் கொடுத்த பழைய எண்ணுக்குத்தான் என்பது என் வாசிப்பு.

பிரிட்டனில் இரண்டாம் உலகப்போர் ஜீப் வைத்திருப்பவர்கள் பானட்டின் பக்கவாட்டில் போர்க்கால எண்ணை எழுதிக்கொள்கிறார்கள். ஆனால் சாலையில் போகும்போது சிவில் எண் தட்டு தனியாக இருக்கும். அந்த ஜீப் எண் எப்போதோ செத்துப்போன கணக்கு, பார்க்கிற யாரும் குழம்பமாட்டார்கள். நம் அம்புக்குறி எண் அப்படியல்ல. இன்று காலையிலும் நெடுஞ்சாலையில் அதே வடிவ எண்ணோடு கான்வாய் போயிருக்கும். கண்காட்சித் திடலில் மட்டும் மாட்டிக்கொள்ளலாமா என்றால், பொதுமக்கள் உரிமையோடு வந்துபோகிற இடம் எதுவும் சட்டப்படி ‘பொது இடம்’ என்பதை நினைவில் வையுங்கள். என் யோசனை, தட்டை வண்டியில் மாட்டாமல் பக்கத்தில் ஒரு பலகையில் வண்டியின் வரலாற்றோடு சேர்த்து வைப்பது. நின்று படிக்கிறவர்களும் அதிகம்.

அந்தத் தம்பியின் அப்பா படையில் டிரைவராக இருந்தவர். பட்டறைக்கு நான் போயிருந்த அன்று அவரும் வந்திருந்தார். மகன் அந்த எண்ணைக் காட்டி, “இதைத் தட்டுல போடக்கூடாதுன்னு சார் சொல்றாருங்கப்பா” என்றார். பெரியவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார்.

“நான் ஓட்டின வண்டி நம்பர் இது இல்லப்பா. எவன் ஓட்டினானோ” என்றார்.

ஜோங்காவுக்கு இப்போது மண் நிறம், முன்னும் பின்னும் தமிழ்நாட்டுத் தட்டு. பானட்டின் மேல்பக்கம் பெயிண்ட் அடிப்பதற்கு முன் அந்த எண்ணைப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு படத்தைச் சட்டம் போட்டு, படிவம் 21-ன் நகலோடு ஷெட் சுவரில் மாட்டியிருக்கிறார்கள். யாராவது வண்டி பார்க்க வந்தால் தம்பி முதலில் அங்கேதான் கூட்டிப்போகிறார்.